நான்கு கிரவுண்டு சூரியகாந்தியும் வாடகை மழையும்

காலை ஆறு பத்து. மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து முதலில் கண்ணில் பட்டது பச்சை நிறம். அது இலையின் பச்சை அல்ல. பூங்கா நாற்காலிக்கு அடிக்கிற பச்சை.

எங்கள் குடியிருப்பை ஒட்டிய காலி மனையில், இடுப்பளவு சூரியகாந்திச் செடிகளுக்கு நடுவே ஒரு மனிதர் குந்தியிருந்தார். கையில் சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் ஸ்பிரே துப்பாக்கி. ஓர் இலையை இடது கையால் தூக்கிப் பிடித்தார். புஸ் என்று ஓர் அடி. இலையை விட்டார். அடுத்த இலை.

அடையாறில் காலை நேரத்தில் பலரும் பலவும் செய்கிறார்கள். காற்றைக் குத்துகிறார்கள், பின்பக்கமாக நடக்கிறார்கள். இலைக்குப் பெயின்ட் அடிப்பவரை நான் பார்த்ததில்லை. இறங்கிப் போனேன்.

“இன்னா சார், காத்தாலயே?” என்றார் செடிகளுக்குச் சொந்தக்காரரான கன்னியப்பன், தலையைத் தூக்காமல்.

“இலைக்கா பெயின்ட் அடிக்கிறீங்க?”

“பெயின்ட்டு இல்ல சார், டிஸ்டம்பரு. தண்ணில கரையிறது. செடிக்கு ஒண்ணும் ஆவாது.” அடுத்த இலையைத் திருப்பிக் காட்டினார். “இத்த பாரு. கேமரால பாத்தா அம்மை போட்ட மாதிரி கீது. ஒம்போது மணிக்குப் போட்டோ எடுக்கப் பார்ட்டி வருது. அதுக்குள்ள மூணு வரிசை முடிக்கணும்.”

இலையில் கரும்பழுப்பு வட்டங்கள் இருந்தன. ஒவ்வொரு வட்டத்தைச் சுற்றியும் மஞ்சள் வளையம். கீழ் இலைகளில் வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து இலையே கருகித் தொங்கியது. மேலே போகப் போகக் குறைந்தது.

“எல்லா வரிசைக்கும் வந்திடுச்சா?”

துப்பாக்கியைக் கீழே வைத்தார். “அதான் சார் பயம். கெயக்கால கீதே, அது எம் பொண்ணு கல்பனாவோடது. அங்க இன்னும் போவல.”

ஆடி மாதத்துப் பயிர்

சென்ற வாரம் எங்கள் தெருவின் தண்ணீர் லாரிகளைப் பற்றி எழுதியதற்கு, அந்தக் காலி மனையில் இப்போது என்ன இருக்கிறது என்று சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே சூரியகாந்தி இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்த அத்தியாயம்.

அதற்கும் முன்னால் அங்கே ஒரு பங்களா இருந்தது. அதில் இரண்டு சகோதரர்கள் இருந்தார்கள். ஒருவர் மாடியில், ஒருவர் தரைத்தளத்தில். ஒரே வாசல் வழியாகப் போய்வந்துகொண்டு, ஒருவரோடொருவர் வக்கீல் மூலமாக மட்டும் பேசினார்கள். இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் வீட்டை இடிப்பது. இடித்த பிறகு நான்கு கிரவுண்டு மனை, அடுக்குமாடி கட்டப்போகும் நிறுவனத்தின் கைக்கு வந்தது. வரைபட அனுமதிக்குக் காத்திருந்த இடைவெளியில், ஆவணி பிறந்ததும் காலி செய்துவிட வேண்டும் என்ற பேச்சோடு, கன்னியப்பன் அதை வாடகைக்குப் பிடித்தார்.

கன்னியப்பன் வடபழனிக்காரர். சினிமாவுக்கும் போட்டோ ஸ்டுடியோக்களுக்கும் பின்னணித் திரை வரைந்தவர். மலை, அருவி, அரண்மனை எதுவானாலும் இரண்டு நாளில் நிற்க வைப்பார். பிறகு எல்லா இடத்திலும் எல்.இ.டி. ஒளித்திரைகள் வந்தன. இமயமலை பொத்தானுக்குள் போய்விட்டது. அவர் அலட்டிக்கொள்ளவில்லை. ஜனங்கள் வரைந்த தோட்டத்துக்கு முன்னால் நிற்க மாட்டார்கள் என்றால், நிஜத் தோட்டத்துக்குள் நிற்கட்டும் என்று முடிவு செய்தார்.

ஆடியில் சென்னையில் கல்யாணம் கிடையாது. மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். புகைப்படக்காரர்கள் லென்ஸைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கும் ஜோடிகளுக்கோ பத்திரிகை கொடுப்பதைத் தவிர வேலையில்லை. கல்யாணம் செய்யக் கூடாத மாதத்தில், கல்யாணம் ஆனவர்களைப் போல் கட்டிக்கொண்டு படம் எடுக்கச் சாஸ்திரத்தில் தடையில்லை என்று யாரோ எங்கோ தீர்ப்பளித்துவிட்டார்கள். அந்தத் தீர்ப்பை நம்பித்தான் கன்னியப்பன் விதை போட்டார்.

ஒரே நாளில் விதைத்தால் ஒரே வாரத்தில் பூத்து முடிந்துவிடும். அதனால் மேற்கிலிருந்து ஆரம்பித்து, வாரத்துக்கு ஒரு பாத்தியாகக் கிழக்கு நோக்கி விதைத்துக்கொண்டு வந்தார். ஆடி முழுவதும் ஏதாவது ஒரு பாத்தி பூத்திருக்கும். கிழக்கு ஓரத்துக் கடைசிப் பாத்தி, ஆடியின் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு. அன்றைக்கு வெளியாட்கள் யாருக்கும் அனுமதி இல்லை. அன்று அவருடைய மகள் கல்பனாவின் முறை.

கல்பனா தரமணியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். ஆவணியில் கல்யாணம். அப்பாவிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அவர்கள் வீட்டு ஆல்பத்தை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து வயதில் அவள் காஷ்மீரில் நிற்கிறாள். ஏழு வயதில் தாஜ்மகாலுக்கு முன்னால். பூப்பெய்திய போது சுவிட்சர்லாந்தில். எல்லாம் வடபழனியில் ஒரே அறையில் எடுத்தவை.

“நைனா, ஒரு போட்டோலயாவது எனக்குப் பின்னாடி கீறத நான் திரும்பித் தொட்டா கையில படணும்” என்று சொல்லியிருந்தாள்.

மழைக் கட்டணம் தனி

சூரியகாந்தி மட்டும் போதும் என்று கன்னியப்பன் நினைத்திருந்தார். இரண்டாவது வாரமே ஒரு புகைப்படக்காரர், “ப்ரோ, மழை கிடைக்குமா?” என்று கேட்டார்.

சினிமாக்காரரிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. மறுநாள் இரண்டு மூங்கில்களுக்குக் குறுக்கே துளையிட்ட குழாய், கீழே ஒரு மோட்டார், பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. விசையைத் தட்டினால் அடையாறில் ஒரு ஜோடியின் மேல் மட்டும் மழை பெய்தது. பையன் பெண்ணைத் துப்பட்டாவால் மூடுவான். பெண் வானத்தைப் பார்த்துச் சிரிப்பாள். நாலு முறை நனைந்த பிறகுதான் சிரிப்பு சரியாக வரும் என்பதால் நாலு முறை பெய்யும். இப்படிக் காலையில் மூன்று ஜோடி, மாலையில் மூன்று ஜோடி.

சுற்றியிருந்த குடியிருப்புகளில் தண்ணீர்ப் பஞ்சம் பற்றிப் பேசிக்கொண்டே எல்லோரும் பால்கனியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

முதல் பாத்தி பூத்து முடியும் தறுவாயில் அதன் கீழ் இலைகளில் புள்ளி வந்தது. அடுத்த வாரம் இரண்டாம் பாத்தியில். மேற்கிலிருந்து கிழக்காக, கன்னியப்பன் விதைத்த அதே வரிசையில், அதே ஒழுங்கோடு அது நடந்துகொண்டிருந்தது.

ஒரு பழைய பக்கம்

நான் வேலை பார்த்த நாளிதழில் வாரம் ஒரு நாள் விவசாயப் பக்கம் உண்டு. சென்னைப் பதிப்பில் அதை யாரும் படிப்பதில்லை என்பது ஆசிரியர் குழுவின் உறுதியான நம்பிக்கை. இலைப்புள்ளி நோய் பற்றிய குறிப்பு ஆண்டுதோறும் வரும். அனுப்புகிற நிபுணர் மாறுவார், குறிப்பு மாறாது. விதையை மருந்து கலந்து விதைக்கவும். செடிகளுக்கு இடைவெளி விடவும். நோய் கண்ட இலைகளை அகற்றவும். இலை நனையாமல் நீர் பாய்ச்சவும். தேவைப்பட்டால் பூஞ்சைக்கொல்லி தெளிக்கவும்.

ஒரு முறை இதே குறிப்பு தவறுதலாக ராசிபலன் பக்கத்தில், கன்னி ராசிக்குக் கீழே அச்சாகிவிட்டது. மயிலாப்பூரிலிருந்து ஒரு வாசகர் தொலைபேசியில் அழைத்து, இந்த வாரம் எந்த இலையை அகற்ற வேண்டும் என்று விசாரித்தார். அந்தப் பக்கத்துக்குச் சென்னையிலிருந்து வந்த ஒரே அழைப்பு அதுதான்.

குடியிருப்போர் வைத்தியம்

புள்ளியின் படத்தை எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டார்கள். அரை மணி நேரத்தில் ஊரே மருத்துவராகிவிட்டது.

புளித்த மோர் தெளிக்கச் சொன்னார் ஒருவர். மோரில் பெருங்காயம் சேர்க்கச் சொன்னார் இன்னொருவர். பெருங்காயம் கலப்படம் என்று மூன்றாமவர் எச்சரித்தார். ஓர் அம்மாள் சாம்பிராணி போடச் சொன்னார். நியூஜெர்சியிலிருந்து ஒரு மகன், முகப்பருவுக்கான குறிப்பை அனுப்பி, கொள்கை ஒன்றுதான் என்றான். சங்கத் தலைவர் நாகராஜன், பூஞ்சை காற்றில் பறந்து மூத்த குடிமக்களின் நுரையீரலில் தங்கும் என்றும், மனையின் வாசலில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்றும் எழுதினார். முந்தைய வாரம் அதே செடிகளுக்கு நடுவே தம்பதி சமேதராக நின்று எடுத்த படத்தைத்தான் அவர் தன் முகப்புப் படமாக வைத்திருந்தார்.

முதல் மாடி ஜெயந்தி மேடம் நான்கு வரி எழுதினார். அவர் வேளாண் கல்லூரியில் பயிர் நோயியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இது பூஞ்சையால் வரும் இலைப்புள்ளி, செயற்கை மழைதான் காரணம், முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள், மற்றதை நேரில் சொல்கிறேன் என்பது செய்தி. அதற்குக் கீழே ஒருவர் காலை வணக்கப் படம் போட்டார். அந்தப் படத்தில் நோயில்லாத ஒரு சூரியகாந்தி இருந்தது.

செய்தி கன்னியப்பனுக்கும் போய்ச் சேர்ந்தது. “மழை இல்லன்னா எவன் சார் வருவான்?” என்றார் என்னிடம். டிஸ்டம்பர் வாங்கப் போனார்.

பச்சை மணமகள்

ஆக, ஆறு பத்துக்கு நான் பார்த்தது அதைத்தான். ஒன்பது மணிக்குப் பார்ட்டி வந்தது. பெண் சந்தன நிற லெஹங்காவில் இருந்தாள். பையனின் அம்மா மேற்பார்வைக்கு வந்திருந்தார். ஜோடி வரிசைக்குள் நுழைந்தது. விசையைத் தட்டினார்கள். மழை பெய்தது.

தண்ணீரில் கரையும் டிஸ்டம்பர் என்று கன்னியப்பன் சொன்னது உண்மை. கரைந்தது.

“என்னடா இது! பொண்ணு மேல பாசி புடிச்சாப்ல இருக்கு!” என்று அலறினார் பையனின் அம்மா.

“ஆன்ட்டி, எடிட்ல எடுத்துடலாம்” என்றார் புகைப்படக்காரர்.

“துணியையும் எடிட்லயே துவைப்பியா?”

பெண் மட்டும் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆடி முழுவதும் அந்த மழையில் நான் பார்த்த ஒரே நிஜச் சிரிப்பு அது. அதை யாரும் படம் எடுக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு ஜெயந்தி மேடம் குடையும் பூதக்கண்ணாடியுமாக இறங்கி வந்தார். ஓர் இலையைப் பறித்துப் பார்த்தார். விரலைத் துடைத்துக்கொண்டார்.

“கன்னியப்பன், பூஞ்சைக்கு மழையும் வரவழைச்சு, வர்ணமும் அடிச்சிருக்கேள். வெத்தலை பாக்கு வெச்சு அழைக்காததுதான் பாக்கி.”

“கேமராக்குத் தெரியாம இருக்கத்தான் மேடம்...”

“அதுக்குத் தெரியாது. செடிக்குத் தெரியும். தண்ணி இலை மேல நின்னுண்டே இருந்தா பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மேலேர்ந்து சொட்டு விழறச்சே கீழ் இலைல இருக்கற பூஞ்சை வித்து தெறிச்சு மேல் இலைக்குப் போறது. இந்த வரிசைலேர்ந்து அடுத்த வரிசைக்குப் போறது.”

கன்னியப்பன் யோசித்தார். “அப்போ நான்தான் அதுங்களுக்கு பஸ்ஸு வுட்டுக்கினு இருந்தேனா?”

“டிக்கெட் இல்லாம.”

பிறகு மேடம் வேலையைச் சொன்னார். மழை கூடாது. பூத்து முடிந்த பழைய பாத்திகளை வேரோடு பிடுங்க வேண்டும். மற்றவற்றில் புள்ளி விழுந்த கீழ் இலைகளைக் கிள்ள வேண்டும். மருந்து தெளிக்க வேண்டும். தெளித்த பிறகு சில நாள் யாரும் உள்ளே போகக் கூடாது. தண்ணீர் காலையில், வேருக்கு மட்டும்.

“பழசப் புடுங்கினா பார்ட்டி எங்க நிக்கும்? மருந்தடிச்சா எப்டி வரும்? இதான் மேடம் சீசனு.”

“உங்களுக்குப் பார்ட்டி வேணுமா, கிழக்குப் பாத்தி வேணுமா? ரெண்டும் கிடைக்காது.”

கிழக்குப் பாத்தியில் அப்போது மொட்டுதான். கன்னியப்பன் அந்தப் பக்கம் பார்த்தபடி நின்றார். பிறகு மோட்டாரின் வயரைப் பிடுங்கிச் சுருட்டத் தொடங்கினார்.

வேலை செய்கிற பெயின்ட்

அடையாறில் குங்குமப்பூ கிடைக்கும். நாய்க்குப் பிறந்தநாள் கேக் கிடைக்கும். பூஞ்சைக்கொல்லி கிடைக்காது. கன்னியப்பன் புறநகர் விதைக்கடை ஒன்றுக்குப் போய் மேடம் எழுதிக்கொடுத்த மான்கோசெப் வாங்கி வந்தார். முகமூடி, கண்ணாடி, கையுறையோடு தெளித்தார். காய்ந்ததும் இலைகள் மேல் வெளிறிய படலம் நின்றது.

“மேடம், இதுவும் பெயின்ட்டு மாதிரிதான் கீது.”

“இது வேலை செய்யற பெயின்ட்.”

கிள்ளிய இலைகளும் பிடுங்கிய செடிகளும் மூட்டை மூட்டையாக வாசலுக்கு வந்தன. வயலாக இருந்தால் எரித்துவிடலாம். இங்கே ஊதுபத்தி கொளுத்தினாலே புகார் வரும். அதற்குள் தரைத்தளத்து இயற்கை உர ஆர்வலர் ஒருவர் ஓடி வந்து, “இவ்ளோ நல்ல இலையைத் தூக்கிப் போடறதா? எங்க உரத் தொட்டிக்குக் குடுங்க” என்றார்.

“நோயை உரமாக்கி எல்லார் தொட்டிக்கும் பங்கு வைக்கப் போறேளா?” என்று மேடம் மூட்டைக்கு முன்னால் நின்றுகொண்டார். மூட்டைகள் இறுக்கிக் கட்டப்பட்டுக் குப்பை வண்டியில் போயின. ஆர்வலர் அன்று மாலையே குழுவில், ரசாயனம் நம் வாசலுக்கு வந்துவிட்டது என்று எழுதினார்.

பதிவு செய்திருந்த ஜோடிகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. சிலர் பாலவாக்கம் கடற்கரைக்குப் போனார்கள். இணையத்தில் இடத்துக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, மழை இல்லை என்று எழுதினார்கள்.

கிழக்குப் பாத்தியில் மொட்டு விரிந்தது. கீழே இரண்டொரு இலைகளில் புள்ளி வந்தது. கன்னியப்பன் அவற்றைக் கிள்ளினார். அதற்கு மேல் ஏறவில்லை.

அண்ணாச்சி சொன்னது

கடைசி வாரத்தில் தியாகராய நகர் ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் நேரிலேயே வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆவணிப் பட்டு விளம்பரத்துக்குச் சனிக்கிழமை மனை முழுவதும் வேண்டும் என்றார்.

“பூ நல்லாத்தான் இருக்கு. மழை உண்டும்லா?”

“மழை கெடையாது அண்ணாச்சி. கெயக்கால பாத்திக்குள்ள காலு வெக்கவும் கூடாது. இந்தாண்ட நின்னு எடுத்துக்கலாம். இஷ்டம்னா பாரு.”

ஆடியில் வந்த ஆகப் பெரிய வாய்ப்பு வாசலோடு திரும்பிப் போகிறது என்று நான் நினைத்தேன். அண்ணாச்சி சிரித்தார்.

“மழை இல்லன்னா என்னவே? அத கம்ப்யூட்டர்ல போட்டுக்கிடுவானுவ. போன தடவ பனியே அதுலதான பெய்ஞ்சிச்சு. நெசத் தண்ணிய ஊத்துனா எம் பட்டு என்னத்துக்காவும்?”

கன்னியப்பன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ பொய் மழையே போதுமா அண்ணாச்சி?”

“பாக்கவனுக்கு என்னவே தெரியும்?”

கார் கிளம்பிப் போன பிறகும் கன்னியப்பன் வாசலிலேயே நின்றார். “நாப்பது வருசமா நான் அதத்தான சார் பண்ணிக்கினு இருந்தேன்” என்றார். “இதுக்கு மட்டும் எதுக்கு நெசத் தண்ணி ஊத்தினேன்?”

சனிக்கிழமை படப்பிடிப்பு நடந்தது. மதியத்துக்கு மேல் வானம் இருண்டது. ஆடிக்கே உரிய மாலை மழை, முன்னறிவிப்பில்லாமல் கொட்டியது. விளம்பரக்காரர்கள் புடவைகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினார்கள். கன்னியப்பன் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு கிழக்கே ஓடினார். தார்ப்பாய் பாதிப் பாத்திக்குக்கூட எட்டவில்லை. ஒரு முனையைப் பிடித்தபடி நனைந்துகொண்டு நின்றார்.

மேடம் குடையோடு வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

“போச்சு மேடம். எல்லாம் போச்சு.”

“எது போச்சு? இன்னிக்கு நனைஞ்சதுக்கு நாளைக்கே புள்ளி வராது. நாலஞ்சு நாளாகும். உங்க பொண்ணை வரச் சொல்லுங்கோ.”

“அப்பால?”

“அப்பறம் ஆவணி பொறந்துடும். அதுக்கு மேல என்ன பண்ணணும்னு நான் சொல்லப் போறதில்லை” என்றார் மேடம். கன்னியப்பன் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை

கல்பனாவும் அவள் கட்டிக்கொள்ளப்போகும் தினேஷும் வடபழனியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். கிழக்குப் பாத்தி முழுவதும் பூத்திருந்தது. முதிர்ந்த சூரியகாந்தி நாளெல்லாம் சூரியனோடு திரும்பாது. கிழக்கே பார்த்தபடி நின்றுவிடும். கிழக்கே இருந்தது மதில்சுவர்.

“இன்னா நைனா, பூவெல்லாம் செவுத்தப் பாத்துக்கினு கீது? கோவமா?”

“உன்னயப் பாத்த வெக்கம்மா அதுங்களுக்கு.”

புகைப்படக்காரர் மதிலுக்கும் செடிக்கும் நடுவே முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்று படம் எடுத்தார். தினேஷ் மகரந்தத்துக்குத் தும்மிக்கொண்டே இருந்தான். “தாலி கட்றப்போ ஒரு கையால மூக்கப் புடிச்சிக்க” என்றாள் கல்பனா. பிறகு திரும்பி ஓர் இலையை விரல்களுக்கு நடுவே பிடித்தாள்.

“சொரசொரன்னு கீது நைனா.”

“அப்டித்தாம்மா இருக்கும்.”

“நீ வரையிறப்போ வழவழன்னு இருக்கும்.”

அவரையும் படத்துக்குக் கூப்பிட்டாள். வெளிச்சத்தை மறைப்பேன் என்று மறுத்தார். அவள் சட்டையைப் பிடித்து இழுத்து நடுவில் நிற்க வைத்தாள்.

மறுநாள் ஆவணி பிறந்தது. காலையில் பொக்லைன் வந்தது. வாஸ்துப்படி மண்ணை முதலில் ஈசானிய மூலையில் எடுக்க வேண்டும் என்று கட்டுமான நிறுவனத்தார் சொல்லியிருந்தார்கள். கல்பனாவின் பாத்தியிலிருந்து ஆரம்பித்தார்கள்.